ஒரே வயலில் மூன்று வரவு

சங்கத்துப் பேரேடுகளைப் பரிசீலிக்கும்போது, தவணை தவறியோர் பட்டியலில் உள்ளவர் யாவரும் சோம்பேறிகள் அல்லர் என்பதை நாம் கண்டுவருகிறோம். ஒட்டன்சத்திரம் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் ஒரு ஏக்கர் முழுவதும் தக்காளியே பயிரிட்டார். விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் ஊரெல்லாம் அதே வாரத்தில் பறித்தது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே விலை கட்டவில்லை. பாதி செடியிலேயே அழுகிற்று. நகைக்கடனுக்கு ஈடு வைத்த அவர் மனைவியின் சங்கிலி சங்கத்துப் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

இத்தகையோருக்கு நாம் கூறும் யோசனை கலப்புப் பயிர். இது புதிதன்று. மானாவாரிச் சோளத்தோடு தட்டைப்பயறும் அவரையும் கலந்து விதைத்த நம் பாட்டன்மார் அறிந்ததே. தோட்டக்கால் காய்கறிக்கு வந்ததும் நாம்தாம் அதை மறந்தோம்.

அரை ஏக்கரை எடுத்துக்கொள்வோம். இரண்டடி இடைவெளியில் பார் அமைத்து, ஒரு பக்கம் மிளகாய் நாற்றை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடலாம். மறுபக்கம் சின்ன வெங்காயம் ஊன்றலாம். வாய்க்கால் ஓரத்தில் கொத்தமல்லி தூவலாம். கொத்தமல்லித் தழை சுமார் 40 நாளில் கைக்கு வரும். வெங்காயம் 65 முதல் 70 நாளில். பச்சை மிளகாயின் முதற் பறிப்பு நட்ட 75 நாள் அளவில் தொடங்கி மாதக்கணக்கில் நீடிக்கும். மிளகாய்ச் செடி படர்ந்து நிழல் கட்டுமுன் வெங்காயம் வெளியேறிவிடும். அதன் வேர் மேல்மண்ணோடு நிற்க, மிளகாய் வேர் அதற்கும் கீழே சென்று உரம் தேடும். வரப்போரம் ஆமணக்கு நட்டால், புரோடீனியாப் புழுவின் தாய்ப்பூச்சி அதன் அகன்ற இலையை நாடி முட்டையிடும். இலையோடு கிள்ளி அழித்துவிடலாம்.

ஒரு சங்கடத்தை மறைக்கலாகாது. வெங்காயத்திற்கு அறுவடைக்கு முன் பத்து நாள் நீர் நிறுத்த வேண்டும். அந்நாளில்தான் பூவெடுத்த மிளகாய் நீர் கேட்கும். மிளகாய்க்காகச் சிறிது பாய்ச்சத்தான் வேண்டும். ஆகவே அவ்வெங்காயத்தை விலையேற்றத்தை எதிர்பார்த்துப் பட்டறையில் வைப்பது தகாது. நிழலில் உலர்த்தி உடனே விற்றுவிடுக.

கலப்பென்று மிளகாயோடு கத்தரியையும் தக்காளியையும் சேர்ப்போர் உண்டு. மூன்றும் ஒரே குடும்பம். மண்ணிலுள்ள வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் மூன்றையும் ஒருங்கே தாக்கும்.

வெங்காயம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை அன்றே கடன் கணக்கில் கட்டிவிடின், மிளகாய் விலை எவ்வாறாயினும் தவணை நாளில் நிற்கும் பாக்கி சிறிதாகும். மேற்சொன்ன அங்கத்தினர் இம்முறை இவ்வாறே செய்துள்ளார். ரசீதை நாம் பார்த்தோம். சங்கிலி இன்னும் மீளவில்லை. மிளகாயில் பிஞ்சு இறங்கியிருக்கிறது.