ஆட்ட விதியும் அவையோரும்

நாடகப் பண்பு மிக்க திரைப்படமொன்று அரங்கேறிய அன்று அவையோர் வழங்கிய தீர்ப்பும், காலங்கழிந்தபின் திறனாய்வாளர் வழங்கும் தீர்ப்பும் மாறுபடுதல் உண்டு. முன்னையோர் அறியாமையால் இகழ்ந்தனர், பின்னையோர் அறிந்து புகழ்ந்தனர் என்று கூறிவிடுதல் எளிது. பிரெஞ்சு இயக்குநர் ழான் றெனுவார் ஆக்கிய 'ஆட்டத்தின் விதி' என்னும் படத்தின் வரலாறு அத்துணை எளிமையில் அடங்குவதன்று.

ஓவியர் ஒகுஸ்த் றெனுவாரின் மைந்தராகிய இவர், 1937இல் வெளிவந்த 'மாபெரும் மாயை'யால் பெரும்புகழ் எய்தியிருந்தார். (பின்னாளில் 'நதி' என்னும் படத்திற்காக வங்காளம் வந்து, இளைஞராயிருந்த சத்தியஜித் றாய்க்கு ஊக்கமளித்தவரும் இவரே.) ஆகவே, 1939 யூலை 7ஆந் திகதி பாரிசு நகரில் இப்படம் காட்டப்பட்டபோது மக்கள் ஆவலோடு திரண்டனர், திரண்டவர்களுட் பலர் கூக்குரலிட்டனர். ஒருவர் செய்தித்தாளைக் கொளுத்தி அரங்கிற்குத் தீயிட முனைந்தாரெனவும் றெனுவார் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

பிரபு ஒருவரின் நாட்டுப்புற மாளிகையிற் கூடிய விருந்தினரின் வேட்டையும் காதலுமே கதை. மேன்மாடத்தில் எசமானரும் கீழ்க்கூடத்தில் ஏவலரும் ஒரே வகைப் பொய்ம்மைகளை ஆடுகின்றனர். அத்திலாந்திக்கைத் தனியே பறந்து கடந்த விமானி ஒருவன், பிரபுவின் மனைவியை உண்மையாகவே நேசிக்கின்றான். அவ்வுண்மையே அவனுக்குக் கேடாகின்றது. வேட்டைக் காவலாளி ஆள்மாறாட்டத்தால் அவனைச் சுட்டுக் கொல்ல, பிரபு அதனை ஒரு விபத்தென்று நயமாக அறிவிக்கின்றார். விருந்தினர் உள்ளே செல்கின்றனர்.

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையும் அழுகையும் வெவ்வேறானவை. றெனுவாரோ, காவலாளி துப்பாக்கியோடு துரத்தும் காட்சியில் நகைக்க வைத்து, அக்காவலாளியைக் கொண்டே சாவை நிகழ்த்துகின்றார். முயல்களும் பறவைகளும் வீழ்த்தப்படும் நீண்ட வேட்டைக் காட்சி, அச்சாவிற்கு முன்னறிவிப்பாகும். எச்சுவையைக் கொள்வதென அறியாது அவையோர் தடுமாறியது வியப்பன்று. அன்றியும், போர் அணுகிய வேளையில் தம் சமூகத்தின் உள்ளீடின்மையைத் திரையிற் காண எவரே விரும்புவர்? யூதராகிய மார்செல் டாலியோ பிரபு வேடந் தாங்கியமை வலதுசாரி ஏடுகளுக்குச் சினமூட்டிற்று. இச்சினத்திற்கும் கலைக்கும் யாதொரு தொடர்புமில்லை.

எதிர்ப்புக் கண்டு படம் வெட்டப்பட்டது. வெட்டுண்டவற்றுட் பெரும்பாலானவை றெனுவாரே நடித்த ஒக்தாவ் என்னும் பாத்திரத்தின் காட்சிகள். மேன்மாடத்தாரோடும் கீழ்க்கூடத்தாரோடும் ஒருங்கே பழகுபவன் அவனே. அவன் குறையக் கதையின் இணைப்புங் குறைந்தது. விளங்கவில்லையென்று அவையோர் முறையிட, அம்முறையீடே படத்தை மேலும் விளங்காததாக்கிற்று! அவ்வாண்டு இலையுதிர்காலத்தில், மக்களின் மன உறுதியைக் குலைப்பதென்று அரசு படத்தைத் தடைசெய்தது. 1942இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் மூலச்சுருள் அழிந்தது.

எஞ்சிய துண்டுகளும் பிரதிகளும் 1950களின் பிற்பகுதியில் ஒன்றுசேர்க்கப்பட்டன. றெனுவாரின் இசைவோடு 106 நிமிடமாக உருப்பெற்ற படம் 1959இல் வெனிசு விழாவிற் காட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் மறைந்த திறனாய்வாளர் ஆந்திரே பசானின் நினைவுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. முன்னணியையும் பின்னணியையும் ஒருங்கே தெளிவாகக் காட்டும் றெனுவாரின் ஒளிப்பட முறையைச் சிறப்பாக எடுத்துரைத்தவர் பசானேயாவர்.

இங்கிலாந்தின் 'சைற் அன்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டிற்கொருமுறை திறனாய்வாளரிடம் வாக்கெடுக்கும். 1952இல் இப்படம் பத்தாம் இடத்தைப் பிற சில படங்களோடு பகிர்ந்தது. அன்று வாக்களித்தோர் முழுவடிவைக் காணாதவர். 1962இல் மூன்றாம் இடமும், 1972, 1982, 1992 ஆகிய ஆண்டுகளில் இரண்டாம் இடமும் எய்திற்று. 2022இல் அது 13ஆம் இடத்திற்கு இறங்கியது. படத்தில் அதற்கிடையே ஒரு காட்சியேனும் மாறியதில்லை. வாக்களிப்போர் தொகையே பெருகியிருந்தது.