தமிழ் இலக்கிய வகுப்பில் சேருமுன்

நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் ரவாங் வட்டாரப் பெற்றோரிடையே எழும் கேள்வி இது: "பிள்ளை தமிழ் எடுக்கிறான், சரி. இலக்கியமும் எடுக்கணுமா?" எடுக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்த வகுப்பு எப்படி நடக்கிறது, பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் தனித்தனிப் பாடங்கள். மொழிப் பாடத்தில் கட்டுரை, கருத்துணர்தல், இலக்கணம், செய்யுளும் மொழியணியும் வரும். இலக்கியப் பாடம் கவிதை, நாடகம், நாவல் என்ற மூன்றையும் பாடநூல்களின் வழி ஆழமாகப் படிக்க வைப்பது. நான்காம் படிவம், ஐந்தாம் படிவம் என்று இரண்டு ஆண்டுப் படிப்பு. இரண்டு பாடங்களுக்கும் சான்றிதழில் தனித்தனித் தேர்ச்சிநிலை உண்டு. A+ முதல் G வரையிலான அதே வரிசைதான். மலாய்ப் பாடத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து 'கொம்சாஸ்' என்ற இலக்கியக் கூறு இருப்பதால், கதைப்பாத்திரம், கருப்பொருள், பின்னணி என்று பேசுவது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அங்கே பழகியதை இங்கே தாய்மொழியில் இன்னும் விரிவாகச் செய்யப்போகிறார்கள்.

இனி, வகுப்பு எப்படி அமைகிறது என்று பார்ப்போம். பெற்றோர் பலருக்கு இது சரியாகத் தெரிவதில்லை. நம் நாட்டில் தமிழை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளி இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளிக்குத்தான் போகிறது. அங்கே தமிழ் கற்பிக்கப்படுவதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், நடைமுறைக்கு இயன்ற வரையில் அங்கே தமிழ் அல்லது சீனமொழி வகுப்பு நடத்தப்பட வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். கேட்டால்தான் வகுப்பு. பதினான்கு பேர் கேட்டு, பதினைந்தாவது வீட்டார் "நமக்கெதற்கு" என்று இருந்துவிட்டால் மற்றப் பதினான்கு பிள்ளைகளின் கோரிக்கையும் வலுவிழந்துவிடும்.

அந்த விதியும் மொழியைப் பற்றித்தான் பேசுகிறது. இலக்கியத்துக்கு அப்படி ஓர் எண்ணிக்கை உறுதி இல்லை. பள்ளி முதல்வரின் இசைவு, தமிழாசிரியரின் விருப்பம், மாணவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நடக்கும். இதற்கு இன்னொரு தடையும் வந்தது. எஸ்.பி.எம்.மில் ஒரு மாணவர் 10 பாடங்களுக்கு மேல் எழுதக் கூடாது என்ற வரம்பு 2010 முதல் நடைமுறைக்கு வரும் என்று அரசு 2009இல் அறிவித்தது. அறிவியல் பிரிவு மாணவருக்கு மற்றப் பாடங்களே பத்தை நெருங்கிவிடும். அதன்பின் தமிழ்மொழிக்கும் இலக்கியத்துக்கும் இடம் எங்கே? நாடு முழுவதும் தமிழ் அமைப்புகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் குரல் கொடுத்தார்கள். அதன் பின்னரே கூடுதலாக இரண்டு பாடங்கள் எழுதலாம் என்ற முடிவு வந்தது. உங்கள் பிள்ளையால் இன்று இலக்கியத்தைப் பதினோராவது, பன்னிரண்டாவது பாடமாக எடுக்க முடிகிறதென்றால் அந்தக் குரல்கள்தான் காரணம்.

பாட அட்டவணையில் இடமில்லாததால் இலக்கிய வகுப்பு பல பள்ளிகளில் பள்ளி நேரம் முடிந்த பிறகோ சனிக்கிழமையிலோ நடக்கிறது. ஆசிரியர் தம் சொந்த நேரத்தைக் கொடுக்கிறார். ஆகவே வருகை பற்றிய எதிர்பார்ப்பு இங்கே மற்ற வகுப்புகளைவிடக் கூடுதல். வழக்கமான பள்ளி நாளில் காரணமில்லாமல் வராவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வரும். மாலை வகுப்புக்கு அப்படிக் கடிதம் வராமல் போகலாம். ஆனால் எட்டுப் பேர் படிக்கும் வகுப்பில் மூன்று பேர் வராவிட்டால் அன்றைக்கு நாடகத்தைப் பாத்திரம் பிரித்து வாசிக்க ஆள் இருக்காது, கலந்துரையாடலும் படுத்துவிடும். இரண்டு மாதம் இப்படியே போனால் அடுத்த ஆண்டு வகுப்பைத் தொடரலாமா என்று பள்ளி யோசிக்கத் தொடங்கும். வர முடியாத நாளில் முன்கூட்டியே ஆசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். பிரத்தியேக வகுப்பையும் இதையும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டு, எது முக்கியம் என்று பிள்ளையைத் தடுமாற விடாதீர்கள்.

இரண்டாவது எதிர்பார்ப்பு: மூலநூலைப் பிள்ளை தானே படிக்க வேண்டும். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருதுகிறேன். கதைச்சுருக்கமும் பாத்திரப் பண்புகளும் அச்சிட்ட வழிகாட்டிகளில் கிடைக்கின்றன. அவற்றை மட்டும் மனப்பாடம் செய்து எழுதும் மாணவர், கேள்வி சற்றே திரும்பினாலும் திகைத்துப்போவார். நாவலை நான்காம் படிவத்தின் முதல் பருவத்துக்குள் ஒருமுறை கதைக்காகவே வேகமாகப் படித்து முடிக்க வேண்டும். பிறகு வகுப்போடு சேர்ந்து மெதுவாக இரண்டாம் முறை. அப்போது யார், எங்கே, எதற்காக அப்படி நடந்துகொண்டார் என்று பக்க எண்ணோடு குறித்துவைக்கலாம். பாடநூல் பள்ளி தந்த இரவல் நூல் என்றால் அதில் எழுதக் கூடாது. தனி நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது.

கவிதையில் முதல் வேலை, சந்தி பிரித்து வாய்விட்டுப் படிப்பது. மரபுக்கவிதையில் சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து நிற்கும். அவற்றைப் பிரிக்காமல் பொருள் வராது. பொருள் வந்த பிறகுதான் அணி, எதுகை, மோனை. புதுக்கவிதையில் சிக்கல் வேறு மாதிரி: சொல் எளிமையாக இருக்கும், சொல்லாமல் விட்டது அதிகமாக இருக்கும். அதைத் தேடிப் பேசுவதற்குத்தான் வகுப்பு.

எழுதும் விடை எப்படி இருக்க வேண்டும்? பாடத்திட்டத்துக்கு வெளியே, எல்லாருக்கும் தெரிந்த சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணகியின் பண்பை விளக்குக என்று கேட்டால், பூம்புகாரில் தொடங்கி மதுரை எரிந்தது வரை கதையை ஒப்பிப்பது விடையாகாது. மாதவியைப் பிரிந்து கோவலன் திரும்பி வந்தபோது, ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாமல் சிலம்பை எடுத்துக் கொடுக்க முன்வந்தவள் அவள். அதே சிலம்பை அரசவையில் உடைத்து நீதி கேட்டவளும் அவளே. இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொறுமை எந்த இடத்தில் எதனால் அறச்சீற்றமாக மாறியது என்று எழுதினால் அது விடை. பண்பைச் சொல், சம்பவத்தைக் காட்டு, அது கதையை எப்படி நகர்த்துகிறது என்று விளக்கு. இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் எந்தக் கேள்விக்கும் பயப்பட வேண்டியதில்லை.

இதனால்தான் படியெடுத்தலை ஆசிரியர்கள் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். நண்பனின் கட்டுரையானாலும், செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்ததானாலும், ஒப்படைத்த அன்றே பிள்ளைக்கு இழப்பு. தேர்வு மண்டபத்தில் பேனாவும் நினைவும்தான் துணை. 2021இல் யு.பி.எஸ்.ஆர்., 2022இல் பி.டி.3 என்று இரண்டு தேர்வுகளும் அகற்றப்பட்டதால், இப்போதைய ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பெரிய பொதுத்தேர்வு. நேரம் பார்த்துக் கையால் எழுதும் பழக்கம் வகுப்பில் எழுதும் கட்டுரைகளில்தான் வரும். வகுப்புசார் மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை ஆண்டு முழுவதும் பதிவாகும். அது எஸ்.பி.எம். தேர்ச்சிநிலையோடு கூட்டப்படுவதில்லை என்றாலும், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதைப் பெற்றோருக்கு முன்னதாகவே காட்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். கைப்பேசிக்குப் பள்ளியில் இடமில்லை என்ற விதி இந்த வகுப்புக்கும் பொருந்தும். அகராதி கொண்டுபோகச் சொல்லுங்கள்.

ரவாங் பிள்ளைகளுக்கு இலக்கியம் வாசிக்க ஒரு வசதி கூடுதலாக இருப்பதாக நினைக்கிறேன். மலாயாவிலேயே முதன்முதலாக மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்ட ஊர் இது. 1894 வாக்கில் ஈயச் சுரங்க வேலைக்காக லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்து செய்த முயற்சி அது. அந்தத் தம்புசாமிப் பிள்ளைதான் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தவர். பக்கத்தில் பத்து ஆராங்கில் நிலக்கரிச் சுரங்கம் 1960 வரை இயங்கியது. சுற்றிலும் தோட்டங்கள் இருந்தன. இங்கே பல வீடுகளில் தாத்தாவோ பாட்டியோ பால்மரம் வெட்டிய கதையைச் சொல்ல இன்னும் இருக்கிறார்கள். அகிலன் மலேசியத் தோட்ட வாழ்வை வைத்து எழுதிய 'பால்மரக் காட்டினிலே' போன்ற நாவல்களைப் பிள்ளை படிக்கும்போது அதன் பின்னணியை அவர்களிடமே கேட்டறியலாம். கேள்வித்தாளில் பின்னணி என்று வரும் அந்தச் சொல்லுக்கு அப்போது உயிர் வந்துவிடும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் ஏற்றதா? தமிழ் வாசிப்பில் இன்னும் திணறும் பிள்ளை முதலில் மொழிப் பாடத்தில் கால் ஊன்றட்டும். நன்றாக வாசிக்கும் பிள்ளை அறிவியல் பிரிவில் இருந்தாலும் தயங்காமல் எடுக்கலாம். தமிழில் மேலே படிக்க எண்ணுபவருக்கு எஸ்.டி.பி.எம்.மிலும் தமிழ் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. ரவாங்கிலிருந்து அதே ரயில் பாதையில் வடக்கே போனால் தஞ்சோங் மாலிமில் தமிழாசிரியர்களை உருவாக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

பள்ளியில் இலக்கிய வகுப்பு இல்லையென்றால், இல்லை என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். தமிழாசிரியரைப் பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மற்றப் பெற்றோரின் கையெழுத்தோடு முதல்வரிடம் கடிதம் கொடுங்கள். தேவைப்பட்டால் கோம்பாக் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மூன்றாம் படிவம் முடியும்போதே இதைச் செய்ய வேண்டும். பாடத் தேர்வும் எஸ்.பி.எம். பதிவும் முடிந்த பிறகு போய்க் கேட்டால் பள்ளியால் செய்யக்கூடியது மிகக் குறைவு.