இழுப்பறையும் இணையமும்

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டு நின்றபோது, நெடுநாளைய அன்பர் ஒருவர் ஆதங்கத்தோடு சொன்னார்: "இன்டர்நெட் வந்த பொறவு நம்ம பிள்ளைங்க நம்ம பிள்ளைங்களா இல்ல, ஓய்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் முழு மனத்தோடு ஆட்டவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. என் கடையில் நடந்த ஒன்றைச் சொன்னால் காரணம் விளங்கும். இது நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொருந்தும் என்பதால் எழுதத் துணிந்தேன்.

சாலைக் கம்போளத்தில் எங்களுடையது நாட்டு மருந்துக் கடை. மலையாளத்தில் அங்காடி மருந்துக் கடை என்பார்கள். தர்மராஜா என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் மகாராஜா காலத்தில், திவான் ராஜா கேசவதாசர் ஏற்படுத்திய சந்தை இது. அந்தப் பழமைக்கு முன்னால் எங்கள் கடை நேற்று முளைத்ததுதான். என் தாத்தா தென்காசியிலிருந்து வந்து வைத்தது. ஒரு சுவர் முழுக்க மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் தாத்தா தம் கையால் எழுதி ஒட்டிய தமிழ்ச் சீட்டு. சில சீட்டுகள் பழுத்துப்போய், மை பழுப்பேறி, கோழி கிளறியது போல இருக்கும். அப்பாவுக்கும் எனக்கும் அது பழகிய கையெழுத்து.

கம்போளத்தில் பிறந்த பிள்ளைக்கு ஒரு சரக்குக்கு இரண்டு பெயர் தெரிந்திருக்கும். ஓமம் என்று கேட்டாலும் எடுக்க வேண்டும், அயமோதகம் என்று கேட்டாலும் எடுக்க வேண்டும். கோரைக்கிழங்குதான் முத்தங்ஙா, அதிமதுரம்தான் இரட்டிமதுரம், வசம்புதான் வயம்பு. (ராத்திரியில் வசம்பின் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஆச்சி கண்டிப்பாள்; "பிள்ளை வளர்ப்பான்" என்றுதான் கேட்க வேண்டும்.) இப்போது மூன்றாவதாக ஒரு பெயரும் வந்துவிட்டது. வாடிக்கையாளர் கைப்பேசியை நீட்டி, "இது உண்டோ சேட்டா?" என்கிறார். திரையில் அகோரஸ் கலாமஸ் என்று இருக்கும். அதுவும் வசம்புதான்.

என் மகன் பிறந்தது 2001-இல். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டு ஆறு ஆண்டுகளாகியிருந்தன. ஆனாலும் அன்று எங்களைப் போன்றவர்களுக்கு இணையம் என்றால், தேர்வு முடிவு பார்ப்பதற்காக பிரவுசிங் சென்டரில் வரிசையில் நிற்பதுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, பைசா செலவில்லாமல் டேட்டா என்றதும், பதினைந்து வயதுப் பையனின் கைக்குள் உலகம் புகுந்துவிட்டது. கல்லாப்பெட்டி அருகே உட்கார்ந்திருப்பான், தலை குனிந்தே இருக்கும். வந்த ஆள் யார், வழக்கமாக என்ன வாங்குவார், முகத்தில் என்ன கவலை, ஒன்றும் கண்ணில் படாது. என் அப்பா ஆளைப் பார்த்தே "வீட்ல பிரசவமா?" என்று கேட்டுவிடுவார். அந்தப் பார்வை இவனுக்கு வரவில்லை. அந்த நஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரவு இரண்டு மணி வரை பப்ஜி. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தபோது நிம்மதியாயிருந்தது. ஒரு வாரத்தில் வேறொரு விளையாட்டு வந்துவிட்டது. கைப்பேசியை விட முடியாத பிள்ளைகளுக்காக 2023-இல் கேரள போலீசே டி-டாட் என்ற பெயரில் நம் நகரத்திலும் ஆலோசனை மையம் திறந்தது என்றால், இது என் வீட்டுச் சங்கதி மட்டுமல்ல என்பது தெரிகிறது.

ஆனால் அன்பர் சொன்னது இதையல்ல. பிள்ளைகள் தமிழை விட்டுவிட்டார்கள் என்பதுதான் அவர் வருத்தம். இங்கேதான் நான் என் வீட்டுக் கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

பள்ளியில் அவனுக்கு மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும். தமிழ் வீட்டுப் பேச்சு. அவன் இரண்டாம் வகுப்பு படிக்கையில் அரிச்சுவடி வாங்கிவந்து, கடை அடைத்த பிறகு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அவன் கொட்டாவி விட்டான், நானும் விட்டேன். மார்கழி, தை என்றால் கடையில் சளி மருந்து வியாபாரம் மும்முரம். 'ங' வரை போனோம். அதற்கு மேல் போகவில்லை. அரிச்சுவடி சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது. அப்போது எங்கள் வீட்டில் இணையமே இல்லை. அது உள்ளே வருமுன்பே எழுத்து வெளியேறிவிட்டது. வாசலைத் திறந்துவிட்டவன் நான்.

இணையம் வந்ததால் பேச்சுத் தமிழ் குறைந்ததா என்றால், கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். தென்காசியில் என் தமக்கை வீட்டிலிருக்கும் என் தாயாருக்கு, என் மகள் தினமும் வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்புகிறாள். நாங்கள் சிறுவராயிருந்தபோது ஆச்சியின் குரலைக் கேட்பது கோடை விடுமுறையில் மட்டும்தான். இவள் "என்னட்டி", "வாரியளா" எல்லாம் தென்காசிக்காரி போலவே பேசுகிறாள். ஆனால் எழுதுவதென்றால் ஆங்கில எழுத்தில் தட்டுகிறாள். அதை வாசிக்க முடியாமல் ஆச்சி சொன்னாள்: "கொரலு கேக்கது நல்லாத்தான் இருக்கு தாயீ. இந்தப் பொடி எழுத்துதான் எனக்கு இங்கிலீசு மாதில்லா இருக்கு." ஆச்சி தமிழில் எழுதியதை இவளால் வாசிக்க முடியாது, இவள் தமிழை ஆங்கிலத்தில் எழுதியதை ஆச்சியால் வாசிக்க முடியாது. நடுவில் குரல் மட்டும் போய்வந்துகொண்டிருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஜனவரியில் எனக்குக் கொரோனா. மாடி அறையில் தனியாக அடைத்துவிட்டார்கள். கல்லூரி வகுப்பு கைப்பேசியில் நடந்துகொண்டிருந்ததால், கடையை மகன் திறந்தான். அந்த மாதம் 5-ஆம் தேதி எழுத்தாளர் ஆ. மாதவன் காலமானார் என்று அவன்தான் திரையைக் காட்டிச் சொன்னான். நம்மில் பலரும் அவர் பாத்திரக் கடை வாசலில் நின்று பேசியவர்கள்தாம். பள்ளியில் மலையாளம் படித்து, தமிழைத் தாமே கற்று, இந்தச் சாலைத் தெருவையே கதைகளாக எழுதி, 2015-இல் சாகித்திய அகாதெமி விருது வரை போன மனிதர். "மலையாளம் படிச்சவரா?" என்று மகன் ஆச்சரியப்பட்டான். இருமலுக்கு நடுவே "ஆமா" என்றதோடு சரி.

இரண்டு நாள் கழித்து, முற்பகலில் அவனிடமிருந்து வீடியோ அழைப்பு. கரமனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா தேற்றாம்பரல் கேட்டாராம். தமிழில் தேற்றான்கொட்டை. கலங்கின நீரைத் தெளிய வைக்க, பானையின் உட்புறம் தேய்ப்பார்கள். மகன் கைப்பேசியில் படம் தேடியிருக்கிறான், வட்டமாகக் காசு போல ஒரு கொட்டை தெரிந்திருக்கிறது. இழுப்பறைகளைத் திறந்து பார்த்து, அதே போல வட்டமாக இருந்ததைக் கண்டுபிடித்துத் தராசிலும் போட்டுவிட்டான். "அப்பா, இதுக்கு வெல என்ன?" என்று கேட்கத்தான் அழைத்தான். விலை தெரிந்திருந்தால் அழைத்திருக்க மாட்டான்.

தராசைக் காட்டினான். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பின்னால் திறந்து கிடந்த இழுப்பறையின் சீட்டுதான் தெரிந்தது. கீழ் வரிசையில் கடைசி. தாத்தாவின் கையெழுத்தில்: "எட்டி. கேளாமல் கொடுக்காதே."

எட்டிக்கொட்டை, மலையாளத்தில் காஞ்ஞிரக்குரு. ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தேற்றானும் எட்டியும் ஸ்ட்ரிக்னாஸ் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை, பங்காளிகள். ஒன்று குடிநீரைத் தெளிய வைக்கும், மற்றது ஆளைக் கொல்லும். நேரில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: எட்டி பெரியது, சாம்பல் நிறம், தட்டையாகப் பொத்தான் போலிருக்கும், தேற்றான் சிறியது, உருண்டை வாக்கு. ஆனால் கைப்பேசிப் படத்தில் எது எத்தனை பெரியது என்று எப்படித் தெரியும்? திரையில் எல்லாம் ஒரே அளவு.

"எடுத்து உள்ள போடு! கையக் கழுவு!" என்று கத்தினேன். குரல் எழும்பவில்லை. நல்ல வேளை, என் முகம் தெரிந்தது. அவன் பயந்துபோய்ப் பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு கைப்பேசியை ஒவ்வோர் இழுப்பறையாகக் காட்டச் சொல்லி, மாடியில் படுத்தபடி நான் சீட்டுகளை வாசிக்க, நான்காம் வரிசையில் தேற்றான் கிடைத்தது.

குற்றம் யாருடையது? அவனுடையது என்று நான் சொல்ல மாட்டேன். எட்டி விற்பனையை அப்பா காலத்திலேயே நிறுத்தியாயிற்று. மீந்ததை அன்றே அப்புறப்படுத்தாமல் சோம்பலாய் விட்டுவைத்தவன் நான். (இப்போது அது கடையில் இல்லை.) தாத்தா எச்சரிக்கையை எழுதித்தான் வைத்திருந்தார். அதை வாசிக்கத் தெரியாத பிள்ளையைக் கடையில் உட்காரவைத்தவனும் நான்தான்.

அன்றிரவு கதவுக்கு வெளியே நின்று, "அப்பா, நான் தமிழ் வாசிக்கப் படிக்கேன்" என்றான். நான் அரிச்சுவடியைத் தேடச் சொன்னேன். அவன் தேடவில்லை. கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாற்றிக் காட்டும் விசைப்பலகை இருக்கிறதல்லவா, அதில் தனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் தட்டி, எந்த ஒலிக்கு எந்த எழுத்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனான். அதாவது முதலில் எழுதி, பிறகு வாசித்தான். நாம் படித்த முறைக்குத் தலைகீழ். "பாதி எழுத்து நம்ம மலையாளந்தான்பா" என்பான். ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு 'பாம்பு' என்பதில் எப்படி இரண்டு ஒலி வருகிறது என்று மட்டும் சண்டை போடுவான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களையும் பார்த்தான். மூன்று மாதத்தில் அச்செழுத்து வந்துவிட்டது. தாத்தாவின் கையெழுத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது, அதை எந்தக் கைப்பேசியும் வாசித்துக் காட்டவில்லை. இழுப்பறைகளுக்குத் தமிழ், மலையாளம், தாவரவியல் பெயர் மூன்றும் போட்டுப் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறான். பழையதை எடுக்கவில்லை, அதற்குக் கீழே ஒட்டியிருக்கிறான்.

மகள் கதை வேறு. அவளுக்குப் பதினான்கு வயது. 2020 ஜூன் 1 அன்று பள்ளிக்குப் பதிலாக விக்டர்ஸ் சானலில் 'ஃபர்ஸ்ட் பெல்' மணி அடித்ததே, அப்போதிருந்து பாடமும் விளையாட்டும் திரைக்குள்தான். இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை கைப்பேசி கல்லாப்பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவள் எனக்கு வேறு சட்டம் சொன்னாள். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னதாம். மாலை ஆறு முதல் பத்து வரை கைப்பேசி கூடாது என்ற விடுதி விதியை எதிர்த்த கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கு. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்பது தீர்ப்பு. விசாரித்துப் பார்த்தேன், உண்மைதான். "அந்தப் பிள்ள காலேஜ், நீ எட்டாங்கிளாஸ்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவளுக்குத் தமிழ் எழுத்து இன்னும் வரவில்லை. வேண்டுமென்று தோன்றவில்லை என்கிறாள், ஆச்சிதான் குரலில் கிடைக்கிறாளே. இதற்குப் பதில் என்னிடம் இல்லை.

இப்போது மகன் தாத்தாவின் பேரேட்டைத் திறந்திருக்கிறான். தடித்த பைண்டு நோட்டு, பரணில் கிடந்தது. அதில் எழுத்துகளுக்கு இடையிடையே கொக்கியும் சுழியுமாகச் சில குறிகள். எனக்கும் தெரியாதவை. அப்பா ஒருமுறை சொல்லிக்கொடுக்க வந்தார். இங்கிலீஷ் எண் இருக்கையில் இது எதற்கு என்று நான் கேட்டதும் விட்டுவிட்டார். அவை பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் என்று மகன் கண்டுபிடித்தான். 2019-இல் யூனிகோடில் இப்படிப்பட்ட 51 குறிகளைச் சேர்த்திருக்கிறார்களாம். அந்தப் பட்டியலைத் திரையில் வைத்துக்கொண்டு, குறியைப் பார்த்துப் பெயரை வாசிக்கிறான்.

"அப்பா, இது மாகாணி. மாகாணின்னா எவ்வளவு?"

"பதினாறுல ஒண்ணு."

சொல்லும் அளவும் எனக்குத் தெரியும், அப்பா வாயால் கேட்டது. குறி அவனுக்குத் தெரியும். கடை அடைத்த பிறகு அரைமணி நேரம் இப்படி உட்காருகிறோம். பதினொரு பக்கம் முடிந்திருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் மழைத் தண்ணீர் பட்டு மை கலைந்திருக்கிறது. சுக்கு யாருக்கோ கடனாகப் போயிருக்கிறது என்பது வரை தெரிகிறது, யாருக்கு என்று தெரியவில்லை.