மேனிஃபோல்டைக் கழற்றும் முன் ஒரு தாள் எழுதி வாங்குங்கள்

மலாக்காவின் நியாலாஸ் பக்கம் உர மூட்டையும் செம்பனைக் குலையும் ஏறும் அதே டீசல் பிக்கப்பில்தான் ஞாயிற்றுக்கிழமை குடும்பமும் ஏறுகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்குத் தாவியபோது, வண்டி கூடுதலாகக் குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் உறைக்கத் தொடங்கியது. மேட்டில் இழுப்பில்லை, பின்னால் கரும்புகை, டீசல் செலவு அதிகம் என்று பட்டறைக்குப் போனால், போர்மேன் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "மேனிஃபோல்டைக் கழற்றிக் கரி எடுக்கணும்."

அவர் சொல்வது பல நேரம் சரி. புகையின் ஒரு பகுதியைத் திரும்பவும் இயந்திரத்துக்குள் அனுப்பும் 'இ.ஜி.ஆர்' அமைப்பு இன்றைய டீசல் இயந்திரங்களில் இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத்தான் அது. அந்தப் புகையில் வரும் கரியும், கிராங்க் பெட்டியிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் தார் மாதிரி ஒரு பசை உண்டாகும். காற்று போகும் மேனிஃபோல்டின் உள்சுவரில் அது வருடக்கணக்கில் படிந்து வழியைக் குறுக்கிவிடுகிறது. ஆனால் அடைத்துப்போன காற்று வடிகட்டி, கிழிந்த இன்டர்கூலர் குழாய், தேய்ந்த இன்ஜெக்டர் ஆகியவற்றுக்கும் இதே அறிகுறிகள்தான். ஸ்கேன் செய்து, குழாய்களைப் பார்த்து, இ.ஜி.ஆர் வால்வைத் திறந்து கரியைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு சம்மதியுங்கள்.

வீட்டு முற்றத்தில் நாமே கழற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதில் ஸ்பேனர் வேலை கடினமில்லை, எரிபொருள் குழாய்தான் ஆபத்து. பல இயந்திரங்களில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களை எடுக்காமல் மேனிஃபோல்ட் வெளியே வராது. வண்டி டயரில் இருப்பது இரண்டு, மூன்று பார் அழுத்தம். காமன் ரெயில் டீசல் இயந்திரத்தின் அந்தக் குழாயிலோ 1,600 பார் வரை. புதிய இயந்திரங்களில் அதற்கும் மேல். இயந்திரம் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்த்தால், ஊசி முனையளவு டீசல் பீய்ச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே தெரிவது கொசு கடித்தது போல ஒரு புள்ளி, வலியும் முதலில் பெரிதாக இருக்காது. அதனால்தான் மருந்து தடவிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். உள்ளே போன டீசல் திசுவை அழித்துக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். புள்ளி சிறிது என்று பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். "டீசல், தெக்கானான் திங்கி" (உயர் அழுத்தம்) என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தம் இறங்கப் போதிய நேரம் விட்டு, பாட்டரியின் நெகட்டிவ் கம்பியை எடுத்த பிறகுதான் குழாயில் ஸ்பேனர் வைக்கலாம். கழற்றிய குழாயை மாற்றியே ஆகவேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் விதித்திருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு அப்படியா என்று கையேட்டில் பாருங்கள்.

அடுத்தது துப்புரவு. மேனிஃபோல்ட் அலுமினியம் என்றால் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்காதீர்கள். சோடா அலுமினியத்தைத் தின்னும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜனையும் கிளப்பும். பெட்ரோல் ஊற்றிக் கழுவி, சரியாகக் காயாமல் மாட்டினால், உள்ளே தேங்கிய பெட்ரோலை இயந்திரம் இழுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் சுற்றும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காய்ந்த கரியைச் சுரண்டும்போது முகக்கவசமும் கையுறையும் வேண்டும். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே வகைப்படுத்திவிட்டது.

மேனிஃபோல்டை எடுத்ததும் சிலிண்டர் தலையில் வாய் பிளந்த துளைகள் தெரியும். அவற்றை உடனே மூடவேண்டும். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்து யாரும் கவனிக்காமல் இயந்திரத்தை ஓட்டினால், வால்வு வளையும், பிஸ்டன் உடையும். சில நூறு ரிங்கிட் வேலை பல ஆயிரமாகிவிடும். பட்டறைக்காரர், "வண்டி பழசு, எங்கள் வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்பார். நம்மவர்கள் பலர் அங்கேயே தளர்ந்துபோகிறார்கள். தளர வேண்டியதில்லை.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைக்கும் பொருந்தும். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்யப்படும் என்பது, பட்டறை சொன்னாலும் சொல்லாவிட்டாலும், சட்டம் தரும் உத்தரவாதம். கூலியை முன்கூட்டிப் பேசாமல் விட்டிருந்தால் நியாயமான விலைக்கு மேல் நீங்கள் கொடுக்கத் தேவையில்லை. சரிசெய்யக்கூடிய பழுது என்றால் முதலில் அதே பட்டறையைச் சரிசெய்யச் சொல்லவேண்டும். மறுத்தாலோ, நியாயமான காலத்தில் செய்யாவிட்டாலோ, வேறு இடத்தில் செய்து அந்தச் செலவைக் கேட்கலாம். பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய தகவல்களுக்கென்றே 2002இல் தனி விதிமுறைகளும் வந்தன.

ஆகவே வண்டியை விடும்போதே ஒரு தாள் கேளுங்கள். பட்டறைப் பெயர், தேதி, வண்டி எண், மைலேஜ், செய்யப்போகும் வேலை, கூலி, மாற்றும் கேஸ்கட்டும் குழாயும் புதியதா பழையதா, மொத்த மதிப்பீடு. கடைசியில் ஒரு வரி: "கூடுதல் வேலைக்கு முன் கேட்கவேண்டும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும்." தெரிந்தவர், சொந்தக்காரர், தமிழர் பட்டறை என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். தாள் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. அந்தத் தாள் நல்ல போர்மேனையும் காப்பாற்றும்.

பேச்சு முறிந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். கட்டணம் 5 ரிங்கிட். 'போராங் 1' பாரத்தை நிரப்பினால் போதும். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வரமுடியாது என்பதால் பெரிய பட்டறையின் பணபலம் அங்கே செல்லாது. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போகவேண்டும். விவரத்துக்கு உள்நாட்டு வாணிக அமைச்சின் 1-800-886-800 எண்ணை அழைக்கலாம். வண்டி நிறுவனப் பெயரில் இருந்தால், "இவர் பயனீட்டாளர் இல்லை" என்ற வாதம் எழக்கூடும். 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் தனிநபருக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறையும் உண்டு.

தோட்ட நிர்வாகத்தின் பிக்கப்பை, கருவியும் பயிற்சியும் இல்லாமல், ஓட்டுநரையே கழற்றச் சொல்லும் வழக்கம் வேறு கதை. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தபின், உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காதபோது, தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகலாம். காயம் பட்டால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அறிவிப்பது முதலாளியின் கடமை. "கையைக் கழுவிட்டு வா" என்று அனுப்பிவிட்டால், மருத்துவரிடம் வேலையிடத்தில் நடந்தது என்று நீங்களே சொல்லிப் பதியவையுங்கள்.

நடுவர் மன்றத்துக்குப் போகும் நாளில் கையில் இருக்கவேண்டியவை: அந்தத் தாள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வண்டியை விட்ட அன்றும் எடுத்த அன்றும் பிடித்த படங்கள், இரண்டாவது பட்டறை எழுதித் தந்த அறிக்கை. சிலிண்டரிலிருந்து எடுத்த நட்டு இருந்தால் கழுவாதீர்கள். எடுத்தபடியே பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள்.