மோட்டார் வண்டியின் அதிர்ச்சி தாங்கி

ஒரு பொருள் திடீரென முறிந்துபோனால், அதனை உடையவன் அன்றே அறிந்து பரிகாரம் தேடுகிறான். அதுவே நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்துவருமாயின், அத்தேய்வு அவனுக்குப் புலனாவதில்லை. மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாவது, யாவரும் ‘ஷாக் அப்ஸார்பர்’ என வழங்கும் அதிர்ச்சி தாங்கியேயாகும்.

யான் ஆறு ஆண்டுகளாக ஓட்டிவந்த வண்டியை ஒருநாள் நண்பரொருவர் ஓட்ட நேர்ந்தது. இரண்டு கிலோமீட்டர் செல்லுமுன்னரே அவர், “இவ்வண்டி படகுபோல் ஆடுகின்றதே, நீர் உணரவில்லையா?” என்று வினவினார். யான் உணரவில்லை. வண்டி தளரத் தளர என் கையும் காலும் அதற்கேற்பத் தாமே பழகிக்கொண்டுவிட்டன. பணிமனையில் சோதித்தபோது, பின்புறத் தாங்கிகள் இரண்டும் எண்ணெய் வடிந்து வெறுங் குழாய்களாய் நின்றன. அதன்பின் யான் கற்றறிந்தவற்றை, வண்டி உடையார்க்கும் இனி உடையராவார்க்கும் பயன்படுமென எண்ணி ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண், இவ்வுறுப்பின் பெயரே நம்மை மயக்குவதாம். பள்ளத்தில் விழும் அதிர்ச்சியைத் தாங்குவதும், வண்டியின் பாரத்தைச் சுமப்பதும் ஸ்பிரிங்கின் தொழில். ஆனால், அழுந்திய ஸ்பிரிங் தான் பெற்ற ஆற்றலைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. மேலெழும்பி, மீண்டும் தாழ்ந்து, நெடுநேரம் ஊசலாடும். அவ்வூசலை அடக்குவதே தாங்கியின் பணி. இதுபற்றியே ஆங்கில நாட்டுப் பொறியியலார் இதனை, அடக்குவது என்னும் பொருள்பட, ‘டாம்பர்’ என்பர். ஆதலின் வண்டி ஒருபுறம் தாழ்ந்து நிற்குமாயின் பெரும்பாலும் ஸ்பிரிங்கை ஐயுறுக. நில்லாது ஆடுமாயின் தாங்கியை ஐயுறுக.

இதன் அமைப்பு எளியது. எண்ணெய் நிறைந்த குழாயொன்றினுள், சிறு துளைகளும் வால்வுகளும் உடைய பிஸ்டன் ஒன்று மேலுங்கீழும் இயங்கும். எண்ணெய் அத்துளைகளின் வழியே வருந்திச் செல்லுங்கால், ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி, குழாயின் வழியே காற்றிற் கலந்துவிடும். தொடக்க காலத்தில், தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டத்தை அடக்கும் கருவிகள் வழங்கின. 1927ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த போர்டு ‘ஏ’ மாதிரி வண்டி, எண்ணெயால் இயங்கும் நெம்புகோல் தாங்கிகளைப் பெற்றிருந்தது. இக்காலத்து வண்டிகளில் உள்ளது குழாய் வடிவத் தாங்கியே; பலவற்றில், எண்ணெய் நுரையாகாதிருக்க நைட்ரஜன் வாயுவும் அடைத்திருப்பர்.

தாங்கி தேய்ந்தால் விளையும் தீங்கு உடல் அலுப்பு மட்டும் அன்று. வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும், டயர் தரையைப் பற்றும் உள்ளங்கையளவு இடமே. அடக்குவாரற்ற சக்கரம் மேடுபள்ளங்களில் துள்ளுமாயின், துள்ளிய அக்கணத்தில் அப்பிடி குறையும். பிரேக்கு எத்துணை நல்லதாயினும் பயனில்லை. சக்கரம் சுழற்சி நின்று வழுக்காமற் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், தரையைப் பற்றாத டயரைக்கொண்டு ஒன்றுஞ் செய்ய இயலாது. கரடான சாலையில் வண்டி நிற்கும் தூரம் மிகும். மழைக்காலத்தில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அந்தச் சில அடிகளே உயிரும் சாவுமாகலாம்.

தேய்வை அறியும் குறிகள் பல. அவற்றுள் முதலாவது, பிரேக்கை அழுத்துங்கால் வண்டியின் முன்புறம் மிகக் குனிதல். இரண்டாவது, வளைவுகளில் அளவுக்கு மேற் சாய்தல். மூன்றாவது, வேகத்தடையைக் கடந்தபின்னரும் பலமுறை ஆடுதல். நான்காவது, இரவில் முன்விளக்கின் ஒளி மேலுங்கீழும் அலைதல். நிறுத்திய வண்டியில் டயரின்மேல் கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பார்க்க; இடையிடையே குழிகள் தட்டுப்படின் சக்கரம் துள்ளியிருக்கக்கூடும். தாங்கியின் மேற்புறம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருப்பின் அஞ்சவேண்டா. எண்ணெய் வழிந்து புழுதி படிந்திருப்பின் அது பழுதுற்றதே.

வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுவது பழைய சோதனை. எழுந்து ஓரிரு அசைவில் அடங்கின் நன்று. மேலும் ஆடின் தாங்கி தேய்ந்தது. ஆயினும் இக்கால வண்டிகளின் ஸ்பிரிங் விறைப்பானதாகலின், இச்சோதனையில் தேறியதுகொண்டே தாங்கி நல்லதெனத் துணிதல் கூடாது. 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஐயமின்றியே தாங்கிகளைச் சோதிப்பித்தல் நலம். குண்டுங்குழியுமான சாலையில் ஓடுவதற்கு அதனினும் முன்னரே வேண்டும்.

இனிப் பரிகாரம். ஒரே அச்சின் இருபுறத் தாங்கிகளையும் ஒருங்கே மாற்றுக. ஒன்று புதிதும் மற்றொன்று பழையதுமாயின் வண்டி இருபுறமும் ஒத்து நடவாது. அவற்றோடு, நைந்த ரப்பர் புஷ்களையும் தூசியுறைகளையும் மாற்றுக. மூடி ஒட்டப்பட்ட குழாயைத் துளைத்து எண்ணெய் புகட்டித் தருவதாகக் கூறுவாரிடம் செல்லற்க. துளைகளும் வால்வுகளும் தேய்ந்திருக்க, எண்ணெய் மட்டும் என் செய்யும்? பல வண்டிகளின் முன்புறத்தில் ஸ்பிரிங்கும் தாங்கியும் ஒன்றாய் இணைந்த ‘ஸ்ட்ரட்’ உண்டு. அதனுள் ஸ்பிரிங் பெருவிசையோடு அழுந்தியிருக்கிறது. அதற்குரிய கவ்விகளால் ஸ்பிரிங்கை இறுக்காமல் நடுத்திருகைக் கழற்றுவோர் உயிரிழக்கவுங் கூடும். ஆதலின் அதனைப் பயின்ற கைகளிடமே விடுக. ஸ்ட்ரட்டை மாற்றியபின் சக்கரங்களின் ஒழுங்கையும் அளந்து சரிசெய்வித்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் எளிய சோதனை ஒன்றுண்டு. ஆண்டுக்கொருமுறை, நும் வண்டியை ஓட்டிப் பழகாத, ஆனால் நன்கு ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் அதனைக் கொடுத்து, அருகே அமர்ந்து, அவர் கூறுவதைக் கேளுங்கள். பழகிய கை மறைப்பதைப் பழகாத கை உடனே காட்டும். என் நண்பர் அன்று உரைத்த சொல் முதலில் எனக்குச் சினத்தையே தந்தது. பின்னர், புதிய தாங்கிகளோடு மழை பெய்த மாலையொன்றில், முன்சென்ற வண்டி திடீரென நிற்க, என் வண்டியும் ஆடாது அசையாது நின்றபோது, அச்சொல்லின் அருமையை அறிந்தேன்.