மடக்குக் கத்தி: எங்கே வழுக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும்?

மடக்குக் கத்தியைக் கையில் எடுத்ததும் எல்லோரும் பார்ப்பது அலகின் கூர்மையைத்தான். ஆனால் அதைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் நல்ல கத்தியை அடையாளம் கண்டுகொள்வது வேறோர் இடத்தில்: பிடிக்குள்ளிருந்து அலகு வெளியே வரும் அந்த அரை நொடியில். சில கத்திகள் நகத்தைப் பெயர்த்துவிடும். சில பாதி வழியில் திக்கித் திக்கி நிற்கும். சில, கட்டைவிரல் பட்டதுமே ஒரே வீச்சில் விரிந்து 'டக்'கென்று நிலைகொள்ளும். மூன்றிலும் இருக்கும் உறுப்புகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

உராய்வு குறைவாக இருந்தால் லகுவாகத் திறக்கும் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் உராய்வே இல்லாத மடக்குக் கத்தி ஆபத்தானது. சட்டைப் பைக்குள் தானாக விரிந்துகொள்ளும். கத்தியிடம் நாம் எதிர்பார்ப்பது மூன்று. மடங்கியிருக்கும்போது அசையக் கூடாது. திறக்கும்போது தடுக்கக் கூடாது. திறந்த பிறகு மறுபடியும் அசையக் கூடாது. ஒரே அச்சில் சுழலும் ஒரே அலகு, 180 டிகிரிப் பயணத்தின் இரு முனைகளிலும் இறுக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் இருந்தாக வேண்டும். இந்தத் தடையை எங்கே வைப்பது, எங்கே எடுப்பது என்று பங்கிடுவதில்தான் கத்தி செய்பவரின் திறமை தெரியும்.

முதலில் நடுப் பயணத்தைப் பார்ப்போம். திருகு வைத்த நவீனக் கத்திகளில், பிடியின் இரண்டு பக்கத் தகடுகளுக்கு நடுவே அலகு இருக்கும். அலகின் இருபுறமும் கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒவ்வொரு வாஷர். எல்லாவற்றையும் ஊடுருவி ஒரு அச்சுத் திருகு. அலகு திரும்பும்போது தேய்வது இந்த வாஷர்களின் மீதுதான்.

உராய்வு விசை இரு பரப்புகளையும் சேர்த்து அழுத்தும் விசையைப் பொறுத்தது, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததல்ல என்பதை பிரான்ஸைச் சேர்ந்த கியோம் அமோன்டோன் 1699இல் அறிவித்தார். பள்ளிப் புத்தகத்தில் படித்து மறந்த இந்த விதிதான் கத்தியின் அச்சுக்குள் ஆட்சி செய்கிறது. வாஷரைப் பெரிதாக்கினால் அழுத்தம் பரவி உராய்வு குறையும் என்று நினைக்கத் தோன்றும். குறையாது. மையத்திலிருந்து தள்ளிப்போய்த் தேய்வதால் அலகை எதிர்க்கும் திருப்பு விசை கூடத்தான் செய்யும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலகின் எடை 40 கிராம், அதன் எடை மையம் அச்சிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி, வாஷர் தேயும் சராசரி ஆரம் 4 மில்லிமீட்டர், உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். கத்தியைக் கிடையாகப் பிடித்தால், அலகு தன் எடையாலேயே கீழே விழுவதற்கு, திருகின் அழுத்தம் சுமார் 10 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது, 1 கிலோ எடையின் பாரம். ஆனால் சின்னத் திருப்புளியால் அந்தத் திருகைச் சற்று முறுக்கினாலே 300 நியூட்டன் அழுத்தம் வந்துவிடும். அப்போது அச்சிலிருந்து 3 சென்டிமீட்டர் தொலைவில் கட்டைவிரலை வைத்துத் தள்ளுகிறவர் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். விலையுயர்ந்த வாஷரைப் போட்டு உராய்வுக் குணகத்தைப் பாதியாக்கினாலும் இந்தச் சுமை பாதியாகத்தான் குறையும். திருகை அந்த 10 நியூட்டன் அளவுக்குத் தளர்த்தினாலோ முப்பதில் ஒரு பங்காக இறங்கும். கத்தி இறுகிக் கிடந்தால் முதல் சந்தேகம் திருகின் மீதுதான் விழ வேண்டும்.

அப்படியானால் தளர்த்திவிட வேண்டியதுதானே? தளர்த்தினால் அலகு பக்கவாட்டில் ஆட்டம் கொடுக்கும். ஆட்டம் இல்லாமலும் இறுக்கம் இல்லாமலும் ஒரு நிலை வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பட்டறை வைத்த கிறிஸ் ரீவ், தன்னுடைய 'செபென்சா' கத்தியில் இதற்குக் கையாண்ட வழி அழகானது. அச்சைச் சுற்றி ஓர் உலோகக் குழல். அதன் நீளம், அலகின் தடிமனையும் இரண்டு வாஷர்களின் தடிமனையும் கூட்டினால் வருவதைவிட ஒரு துளி அதிகம். திருகை எவ்வளவு முறுக்கினாலும் அந்த அழுத்தமெல்லாம் குழலின் மீது இறங்கும். அலகின் மீது இறங்காது. கேட்பதற்கு எளிது. செய்வதற்கு அப்படியல்ல. அந்த 'ஒரு துளி' மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. சற்றுக் கூடினால் அலகு ஆடும், சற்றுக் குறைந்தால் இறுகும். விலை கூடிய கத்திகளில் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்த நுண்ணளவுக்குத்தான் போகிறது. அது நியாயமான விலை என்றே சொல்வேன்.

இனி, வாஷர் எதனால் ஆனது என்ற கேள்வி. கண்ணாடிபோல் மின்னும் எஃகுப் பரப்பும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். இரண்டு பரப்புகள் தொட்டுக்கொள்ளும்போது உண்மையில் தொடுபவை சில மேட்டு முனைகள் மட்டுமே. அந்த முனைகளில் அழுத்தம் மிக அதிகமாகி, உலோகம் நசுங்கி, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உராய்வு என்பது பெரும்பாலும் இந்த ஒட்டுகளைப் பிய்க்க ஆகும் விசைதான் என்று கேம்பிரிட்ஜில் ஃபிராங்க் பௌடனும் டேவிட் டேபரும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்கினார்கள். ஒரே வகை உலோகங்கள் உராய்ந்தால் இந்த ஒட்டு இன்னும் வலுவாகும். துருப்பிடிக்காத எஃகின் மீது துருப்பிடிக்காத எஃகு நேரடியாகத் தேய்ந்தால் பரப்பு பிய்ந்து, கீறி, கடைசியில் பற்றிக்கொள்ளும்.

அதனால்தான் நடுவே வேறோர் உலோகம். கத்தி செய்பவர்கள் அதிகம் நம்புவது பாஸ்பர் வெண்கலத்தை. செம்பில் கொஞ்சம் வெள்ளீயமும், அதைவிட மிகக் குறைவாகப் பாஸ்பரஸும் சேர்ந்த கலவை இது. எஃகைவிட மென்மையானது என்பதால் தேய வேண்டியதைத் தானே தேய்ந்து ஏற்றுக்கொள்ளும். புதுக் கத்தி சற்றுக் கரகரப்பாக இருந்து, நூறு முறை திறந்து மூடிய பிறகு பட்டுப்போல ஆவதற்குக் காரணம் இதுதான். வாஷரின் மேட்டு முனைகள் மழுங்கி, அந்த அலகுக்கென்றே பதமாகிவிடுகின்றன. கடையில் கையில் எடுத்த நிமிடத்திலேயே ஒரு கத்தியைத் தள்ளிவிடுவது, ஆகவே, அவசரத் தீர்ப்பு.

திக்கித் திக்கித் திறப்பதற்குக் காரணம் வேறு. நின்றிருக்கும் பொருளை அசைக்கத் தேவைப்படும் விசை, அசைந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து நகர்த்தும் விசையைவிடப் பொதுவாக அதிகம். ஓய்வுநிலை உராய்வு, இயக்க உராய்வு என்று இவற்றைப் பிரித்துச் சொல்கிறோம். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் பெரிதாக இருந்தால், மெதுவாகத் திறக்கும்போது அலகு பற்றும், விரலின் விசை ஏறும், சட்டென்று விடும், மீண்டும் பற்றும். டெஃப்லானில் இந்த இரண்டு உராய்வுகளும் ஏறக்குறைய ஒரே அளவு. 1938இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த இந்தப் பொருள், அதனால்தான் கத்திக்குள் வாஷராகவும் வந்து சேர்ந்தது. அதற்கும் குறை உண்டு. தொடர்ந்து அழுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி விரியும், அச்சில் ஆட்டம் வந்துவிடும்.

இப்போது பல கத்திகளில் வாஷருக்குப் பதிலாகக் குட்டி பால் பேரிங் வருகிறது. தேய்வதற்குப் பதிலாக உருளுவதால் எதிர்ப்பு மிக மிகக் குறைவு. விரலால் சுண்டினால் அலகு பறந்து வந்து நிற்கும். ஆனால் குண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் மணலும் துணிப் பஞ்சும் மாவும் புகுந்துகொள்ளும். ஒவ்வொரு குண்டும் புள்ளியளவு இடத்தில் அழுத்துவதால், மென்மையான டைட்டேனியத் தகட்டின் மீது நேரடியாக ஓடவிட்டால் நாளடைவில் பள்ளம் விழும். அதற்கென்று கடினப்படுத்திய எஃகு வளையம் தேவை. தோட்டத்திலும் படகிலும் வேலை செய்கிறவருக்கு நான் பரிந்துரைப்பது வெண்கல வாஷரைத்தான்.

நடுப் பயணம் போதும். முனைகளுக்கு வருவோம். இங்கே நாம் பார்க்க வேண்டியது சுவிட்சர்லாந்துக் கத்தி. கார்ல் எல்செனர் 1884இல் ஷ்விஸ் மாகாணத்தின் இபாக் என்னும் ஊரில் பட்டறை தொடங்கினார். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் கத்திகளைக் கொடுத்தார். 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். பிடியின் முதுகில் இருக்கும் ஒரே ஸ்பிரிங்கை இரு பக்கத்துக் கருவிகளுக்கும் பொதுவாக்கியது அவருடைய சாதனை. இன்று விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் உலகமெங்கும் விற்கும் அந்தக் கத்தியில் வாஷரும் இல்லை, பேரிங்கும் இல்லை, பூட்டிக்கொள்ளும் அமைப்பு பெரும்பாலான மாடல்களில் இல்லை. எல்லா வேலையையும் அந்த ஸ்பிரிங்தான் பார்க்கிறது.

மெதுவாக ஒன்றைத் திறந்து பாருங்கள். அலகின் அடிப்பாகம் பிடிக்குள் மறைந்திருக்கிறது. மூடியிருக்கும்போது அதன் ஒரு தட்டையான பக்கம் ஸ்பிரிங்கின் மேல் படிந்திருக்கும். நகத்தால் இழுக்கத் தொடங்கியதும் அந்தப் பக்கத்தின் விளிம்பு ஸ்பிரிங்கைத் தூக்குகிறது. அந்த முதல் சில டிகிரிகள்தான் கனமானவை. பிறகு அடிப்பாகத்தின் வளைவு ஸ்பிரிங்கின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் அடுத்த தட்டைப் பக்கம் வந்ததும், தூக்கிப்பிடித்திருந்த ஸ்பிரிங் இறங்கித் தன் விசையைத் திருப்பித் தரும். அலகு தானாகவே மீதித் தூரத்தைக் கடந்து, அந்த 'டக்' கேட்கும். அடிப்பாகத்தைச் சதுரமாக அமைத்தால் 90 டிகிரியிலும் ஒரு நிறுத்தம் கிடைக்கும். மூடும்போது விரல் வெட்டுப்படாமல் காக்கும் நிறுத்தம் அது. உருண்டையாக அமைத்தால் ஒரே ஓட்டம். ஸ்பிரிங் தொட்டுச் செல்லும் அந்தச் சின்ன வளைவை எவ்வளவு வழவழப்பாகத் தீட்டியிருக்கிறார்கள் என்பதுதான் இந்த வகைக் கத்தியின் தரத்துக்கு அளவுகோல். பிடியின் முதுகை விரலால் தடவினாலும் தெரியும்: மூடியபோதும் திறந்தபோதும் ஸ்பிரிங், பக்கத் தகடுகளோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

பூட்டு வைத்த, முதுகு ஸ்பிரிங் இல்லாத நவீனக் கத்திகளில் அலகை மூடி வைத்திருப்பது எது? சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குண்டு. அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் 1980களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்திய பூட்டில், பக்கத் தகட்டிலிருந்து வெட்டி வளைத்த ஒரு பட்டை, திறந்த அலகின் பின்னால் வந்து முட்டுக்கொடுக்கும். அதே பட்டையில்தான் அந்தக் குண்டும் பதிந்திருக்கிறது. கத்தி மூடும்போது அலகில் துளைத்திருக்கும் சின்னக் குழியில் அது விழுந்து பிடித்துக்கொள்ளும்.

இந்தக் குண்டு பிடித்து வைப்பதோடு நிற்காமல், திறக்கவும் உதவுகிறது. விரலைச் சொடக்குவதுபோலத்தான்: இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டிருக்கும் வரை விசை ஏறிக்கொண்டே போகும், தடை விட்டதும் மொத்தமும் ஒரே கணத்தில் வெளிப்படும். குழியிலிருந்து குண்டு வெளியேறும் வரை விரல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியேறியதும், அதுவரை சேர்ந்த விசை அலகை முழு வேகத்தில் வீசுகிறது. குழி ஆழம் குறைந்திருந்தால் விரல் விசை சேர்க்க நேரமே இருக்காது; அலகு சோம்பலாகப் பாதியில் நின்றுவிடும். ஆழம் கூடினால் விரல் நோகும். ஆக, லகுவாகத் திறக்கும் கத்திகளில் முதல் ஓரிரு டிகிரிகளில் தடை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். குழியைவிட்டு வெளியேறிய குண்டு அலகின் பக்கத்தில் கோடுபோட்டுக்கொண்டே வரும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பாதையை மெருகேற்றாமல் விட்டால், மேலே சொன்ன வாஷர் வித்தைகளெல்லாம் வீண்.

மரமும் இந்த ஆட்டத்தில் ஒரு கை. பிரான்ஸின் சவோயில் ஜோசப் ஓப்பினெல் 1890இல் உருவாக்கிய கத்தியில் ஸ்பிரிங்கே கிடையாது. உருளை மரப் பிடியில் ஒரு பிளவு. அதற்குள் அலகு, ஓர் ஆணி. 1955இல் மார்செல் ஓப்பினெல் சேர்த்த சுழல் வளையம்தான் பூட்டு. உராய்வு முழுவதும் மரத்துக்கும் எஃகுக்கும் இடையே என்பதால், காற்றின் ஈரப்பதம் கூடினால் மரம் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். அந்த ஊர்க்காரர்கள் பிடியின் அடிப்பக்கத்தைக் கெட்டியான ஒன்றின் மீது ஒரு தட்டுத் தட்டுவார்கள். பிடி சட்டென்று நிற்க, அலகு தன் நிலைமத்தால் சற்று வெளியே வந்துவிடும். பிறகு விரலால் திறந்துகொள்ளலாம்.

வீட்டில் இருக்கும் கத்தி இறுகிக் கிடக்கிறதா? முதலில் அழுக்கைப் பாருங்கள். பழச்சாறு காய்ந்து பிசினாகியிருக்கும், பைக்குள்ளிருந்த பஞ்சு புகுந்திருக்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் பலமுறை திறந்து மூடிக் கழுவி, முழுக்க உலர்த்துங்கள். திருகு இருந்தால் சிறிது சிறிதாகத் தளர்த்தி, அலகு ஆடத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். காற்றுப் பட்டுத் தாவர எண்ணெய் நாளடைவில் கோந்தாகி, முன்பைவிட மோசமாகப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் நல்லது. பழம் நறுக்கும் கத்தியாக இருந்தால், உணவில் படத் தகுந்த மினரல் எண்ணெயை வாங்கிக்கொள்ளுங்கள். அச்சில் ஒரு சொட்டு, முதுகு ஸ்பிரிங் இருந்தால் அது அலகைத் தொடும் இடத்தில் இன்னொரு சொட்டு. வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும்.