காளி செத்தானா, பிழைத்தானா?

'மூணு பாகமா நாவல் எழுதப் போறேன்' என்று கிளம்பிய ஆசாமிகள் எங்கள் திருவண்ணாமலையில் டீக்கடைக்கு ஒருவர் உண்டு. (அடியேனும்தான்!) எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் ஒன்றே: முதல் பாகத்திலேயே ஹீரோவைக் கொன்றுவிட்டால், மிச்சக் கதையை யார் இழுப்பது?

பெருமாள்முருகன் 2010-ல் எழுதிய 'மாதொருபாகன்' கடைசியில் காளி மனசு உடைந்து கிடக்கிறான். அப்புறம்? 2014-ல் இரண்டு தொடர்ச்சி! 'ஆலவாயன்' நாவலில் காளி இல்லை, 'அர்த்தநாரி'யில் இருக்கிறான். விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி கதை இரண்டு லைனாகப் பிரிந்துவிட்டது.

இதில்தான் சூட்சுமம் சார். அவன் செத்தாலும் பாடு பொன்னாவுக்கு. இருந்தாலும் பாடு பொன்னாவுக்கே. மூன்றையும் இழுப்பது அவள்தான்.

நான் நோட்டில் முதல் வரியை மாற்றிவிட்டேன். 'ஹீரோ எப்படிச் சாகிறான்?' இல்லை, 'அவனுக்கப்புறம் யார் சுமப்பது?'